கால்நடை மருத்துவப் படிப்பும் ராணுவ உபகாரச் சம்பளமும்

செம்பூர் நிலையத்தில் ஹார்பர் வண்டி ஏறிக் குர்லாவில் இறங்கி, அங்கிருந்து மத்திய ரயில் பாதையின் சாதாரண வண்டிக்கு மாறிக்கொண்டால், பரேல் வெகு தூரத்தில் இல்லை. பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் ஒரு காலத்தில் ஓங்கி நின்ற அந்தப் பகுதியில், நோயுற்ற குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் புகலிடமாகப் பாயி சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தது. அதனோடு சேர்ந்து 1886ஆம் ஆண்டில் பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பை முதன்முதலில் ஏற்ற ஜே. எச். ஸ்டீல் என்பவர் ராணுவத்தில் மிருக வைத்திய அதிகாரியாக இருந்தவர். ஆக, இந்நகரத்தில் அக்கலையின் முதற்பாடத்தைச் சொல்லித் தந்தவரே பட்டாளத்திலிருந்து வந்தவராவார். பட்டாளத்துக்கும் மிருக வைத்தியத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. அந்த உறவு இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதையே இவ்வுரையில் ஆராயப் புகுகின்றோம்.

“ராணுவத்தில் உபகாரச் சம்பளம் கொடுத்து மிருக வைத்தியம் படிக்க வைக்கிறார்களாமே, அதற்கு எங்கே விண்ணப்பிப்பது?” என்னும் கேள்வி, செம்பூர், மாதுங்கா, தாராவி ஆகிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் எழக் கூடியதே. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறும். தகப்பனார் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவராயின் விடை ஒன்று. பட்டாளத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாத குடும்பமாயின் விடை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் சில குடும்பங்கள் கிடைக்காத ஒன்றுக்குக் காத்திருந்து காலம் இழக்கின்றன. வேறு சில, கிடைக்கக் கூடியதைக் கேளாமலே விட்டுவிடுகின்றன. பின்னதே நம் மனத்தை அதிகம் வருத்துவது.

இவ்வெண்ணம் பிறந்த இடம் எது என்று பார்த்தால், அது பெரும்பாலும் அமெரிக்கா என்றே தோன்றுகிறது. அந்நாட்டு ராணுவத்தில் கால்நடை மருத்துவப் படைப்பிரிவு 1916ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மருத்துவம், பல் மருத்துவம் முதலியன பயிலும் மாணவருக்கு அந்த ராணுவம் வழங்கும் உபகாரச் சம்பளம், கால்நடை மருத்துவ மாணவருக்கும் உண்டு. கல்லூரிக் கட்டணத்தை ராணுவமே செலுத்திவிடுகிறது. கைச்செலவுக்கு மாதந்தோறும் ஒரு தொகையும் தருகிறது. படிப்பு முடிந்தபின் மாணவர் சில ஆண்டுகள் அதிகாரியாகப் பணியாற்றிக் கடனைத் தீர்க்க வேண்டும். கடல் கடந்து சென்ற உறவினர் ஒருவர் இதைப் பற்றி எழுதினாலோ தொலைபேசியிற் சொன்னாலோ, அது இங்கே வந்து சேரும்போது ‘பட்டாளத்தார் படிக்க வைக்கிறார்கள்’ என்று சுருங்கிவிடுகிறது. ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கே உரிய ஏற்பாடாகும்.

நம் நாட்டில், மக்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களைப் பயிற்றுவிக்கப் புனேயில் ராணுவ மருத்துவக் கல்லூரி ஒன்று 1948ஆம் ஆண்டு முதல் உள்ளது. அங்கே பயில்வோர் படையில் சேவை புரிவதாக உறுதியளித்துச் சேர்கின்றனர். கால்நடை மருத்துவப் பட்டப் படிப்புக்கு அத்தகைய கல்லூரியை நமது ராணுவம் நடத்தவில்லை. ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் கட்டி, நான்கைந்து ஆண்டு படிக்க வைத்துப் பின் பணியில் அமர்த்தும் வழக்கமும் இல்லை. பட்டம் பெற்றவரையே அது எடுத்துக்கொள்கிறது. இதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

அப்படியானால் ராணுவ உபகாரச் சம்பளம் என்பதே இல்லையா என்றால், உண்டு. அது படையில் சேரப் போகிறவருக்கு அன்று, படையில் சேவை செய்து திரும்பியவரின் பிள்ளைகளுக்கு உரியது. இவ்விடத்தில் தமிழ்க் குடும்பங்கள் செவிசாய்த்துக் கேட்க வேண்டும். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்றோர் ஊர் உண்டு. வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பியதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே அதனை அழைக்கின்றனர். அத்தகைய ஊர்களிலிருந்து படைக்குச் சென்று, ஓய்வு பெற்றபின் இரண்டாவது வேலை தேடி மும்பைக்கு வந்து, டிராம்பே, செம்பூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் காவற்பணி புரிவோர் உளர். முப்பத்தைந்து நாற்பது வயதிலேயே படையை விட்டு வந்த சிப்பாய்க்கும் ஹவில்தாருக்கும் பிள்ளைகளின் கல்லூரிச் செலவு எதிர்ப்படுவது அந்த இரண்டாவது வாழ்க்கையில்தான்.

அவர்களுக்குரிய திட்டத்தின் பெயர் பிரதம மந்திரி உபகாரச் சம்பளத் திட்டம் என்பது. 2006-07ஆம் ஆண்டில் தொடங்கிய இதனைப் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்த கேந்திரிய சைனிக் போர்டு நடத்தி வருகிறது. முன்னாள் படைவீரர், கடலோரக் காவற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் ஆகியோரின் பிள்ளைகளும், அவர்தம் விதவை மனைவியரும் தொழிற்கல்விப் பட்டப் படிப்பில் சேரும்போது இதனைக் கோரலாம். பொறியியல், மருத்துவம், செவிலியம் முதலியவற்றோடு கால்நடை மருத்துவப் பட்டமும் இத்திட்டத்தில் அடங்கும். ஆண்டுக்கு 5,500 பேர் என்றும், அவரில் 2,750 பேர் பெண்கள், 2,750 பேர் ஆண்கள் என்றும் வகுக்கப்பட்டிருக்கிறது. 2019-20ஆம் கல்வியாண்டு முதல் மாணவிக்கு மாதம் 3,000 ரூபாய், மாணவனுக்கு மாதம் 2,500 ரூபாய் என்று தொகை உயர்த்தப்பட்டது. மாதக் கணக்கில் சொல்லப்பட்டாலும் ஆண்டுக்கொரு முறையே மாணவரின் வங்கிக் கணக்கில் சேரும். அதாவது, மகளாயின் ஆண்டுக்கு 36,000 ரூபாய், மகனாயின் 30,000 ரூபாய்.

இத்தொகை பெரிதா சிறிதா என்பது சேரும் கல்லூரியைப் பொறுத்தது. சர்க்கார்க் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைக்கு இது மிக உதவியான தொகை. கட்டணத்தில் ஒரு பங்கும் புத்தகச் செலவும் இதனால் அடங்கும். பெருந்தொகை கேட்கும் தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டு, உபகாரச் சம்பளம் வரும் என்று நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது. மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகே விண்ணப்பம் செய்ய முடியும். பரிசீலனை முடிந்து பணம் வர மேலும் பல மாதங்கள் ஆகும். ஆகையால் முதலாண்டுக் கட்டணத்தைக் குடும்பமே எப்பாடு பட்டேனும் செலுத்தியாக வேண்டும். அதற்கு வேண்டிய ரொக்கத்தைச் சேமிப்பிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில் ஒரு வரிசை உண்டு. போரில் உயிர் துறந்தவரின் பிள்ளைகளும் விதவையரும் முதலில் வருகின்றனர். அடுத்து, போரில் ஊனமுற்றவர். அதன்பின் பணியின் காரணமாகச் சேவையிலேயே இறந்தவர். பின்னர்ப் பணியின் காரணமாக ஊனமுற்றவர். அதன்பின் வீரப் பதக்கம் பெற்றோர். இவ்வைந்து வகுப்பினருக்கும் பிறகு, அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்ட பதவிகளில் இருந்து ஓய்வு பெற்ற சாதாரண முன்னாள் வீரர்களின் பிள்ளைகள் ஆறாவதாக வருகின்றனர். செம்பூரில் நமக்குத் தெரிந்த குடும்பங்களிற் பெரும்பாலானவை இந்த ஆறாம் வகுப்பைச் சேர்ந்தவையே. பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு 60 மதிப்பெண் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. ஆனால் ஆறாம் வகுப்பில் மதிப்பெண் வரிசைப்படியே தேர்வு நடப்பதால், 60 என்பது வாசற்படி மாத்திரமே. உள்ளே செல்ல அதனினும் மிகுதியாக வேண்டியிருக்கும். தந்தை பட்டாளத்தில் இருந்தார் என்பதாலேயே கிடைத்துவிடும் என்று பிள்ளை கருதினால், பெற்றோர் அவ்வெண்ணத்தை மாற்ற வேண்டும்.

சேவையில் இன்னும் உள்ள வீரரின் பிள்ளைகளுக்கு இத்திட்டம் இல்லை. ஓய்வு பெற்றவரின் பிள்ளைகளுக்கே உண்டு. வெளிநாட்டுப் படிப்பு, அஞ்சல்வழிப் படிப்பு ஆகியவற்றுக்கும் இல்லை. நம் பகுதியில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். டிராம்பேயில் அணுசக்தி நிலையத்திலும் உரத் தொழிற்சாலையிலும் காவல் புரியும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எப்., எல்லைப் பாதுகாப்புப் படை ஆகியவை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை அல்ல. உள்துறை அமைச்சகத்தைச் சார்ந்தவை. அவற்றில் பணியாற்றியோரின் பிள்ளைகளுக்கும் பிரதம மந்திரியின் பெயராலேயே ஓர் உபகாரச் சம்பளம் உண்டு. எனினும் அதன் விண்ணப்பம் வேறு, வழியும் வேறு. தேசிய உபகாரச் சம்பள இணையத்தளத்தின் வாயிலாக அது செல்லும். காக்கிச் சட்டையும் துப்பாக்கியும் ஒன்றுபோல் தோன்றுவதால் இரண்டும் ஒன்றென எண்ணிச் சைனிக் போர்டில் விண்ணப்பித்தால், அது தள்ளப்படும். அதற்குள் மற்ற இடத்தில் கடைசித் தேதியும் கடந்துவிடக் கூடும்.

இனி விண்ணப்பத்தின் வழிமுறையைப் பார்ப்போம். கேந்திரிய சைனிக் போர்டின் இணையத்தளத்தில் மாணவரின் பெயரால் பதிவு செய்து, கேட்கப்படும் தஸ்தாவேஜுகளைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். தகப்பனார் முன்னாள் படைவீரர் என்பதற்கான சான்றிதழ், அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, மாணவரின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட போனஃபைடு சான்றிதழ், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு வங்கி தரும் சான்று ஆகியவை முக்கியமானவை. பின்னர் மூலப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு, மாவட்டச் சைனிக் அலுவலகத்தில் நேரிற் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அலுவலகத்தைத் தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்றும், மகாராஷ்டிரத்தில் ஜில்லா சைனிக் கல்யாண் காரியாலயம் என்றும் சொல்வார்கள். படிப்பின் முதலாண்டில் சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் நினைவு வந்து கேட்டால் பயன் இல்லை.

இங்கேதான் வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு உரிய தொல்லை தொடங்குகிறது. வேலூரிலோ மதுரையிலோ படையிலிருந்து விடுபட்ட நாளில் தகப்பனார் அவ்வூர் அலுவலகத்தில் தம் பெயரைப் பதிவு செய்திருப்பார். அல்லது பதிவு செய்யாமலே ரயிலேறி மும்பைக்கு வந்திருப்பார். பதினைந்து ஆண்டு கழித்து மகளுக்குச் சான்றிதழ் வேண்டும்போது, மும்பை அலுவலகத்தில் பெயர் இல்லை. வேலூர் அலுவலகத்துக்குப் போய்வர விடுமுறை இல்லை. பதிவை ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் கல்லூரி திறந்த பிறகு அதனைச் செய்யத் தொடங்கினால் கடிதப் போக்குவரத்திலேயே காலம் கழிந்துவிடும். பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போதே பதிவை எந்த மாவட்டத்தில் நிலைநிறுத்துவது என்று முடிவு செய்துவிடுதல் நலம். செம்பூரில் நிலையாகத் தங்கிவிட்டவர் மும்பைப் புறநகர் மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊருக்கே திரும்பும் நோக்கமுடையவர் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டுங்கெட்டான் நிலையே தீங்கு.

இரண்டாவது தொல்லை பெயர். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உதாரணத்துக்கு, தகப்பனார் பெயர் முருகேசன், மகள் பெயர் கவிதா, பாட்டனார் பெயர் செல்வராஜ் என்று வைத்துக்கொள்வோம். நம் வழக்கப்படி மகள் மு. கவிதா. பட்டாளப் பதிவேட்டில் குமாஸ்தா ‘எம். கவிதா’ என்று எழுதியிருப்பார், அல்லது வெறுமனே ‘கவிதா’ என்று விட்டிருப்பார். செம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, மகாராஷ்டிர வழக்கத்தை ஒட்டிக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். குடும்பப் பெயர் என்பது நம்மிற் பலருக்கு இல்லை. கேட்கிறார்களே என்று பாட்டனார் பெயரைச் சொல்லிவிடுவோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘செல்வராஜ் கவிதா முருகேசன்’ என்று வந்துவிடும். ஆதார் அட்டையில் ‘கவிதா முருகேசன்’. வங்கிக் கணக்கில் ‘கவிதா எம்.’ என்றிருக்கும். நால்வரும் ஒரே பெண் என்பது தாய் தந்தையர்க்குத் தெரியும். அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, ‘கவிதா’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் சேர்க்கும் ஓர் எழுத்தை இங்குள்ளவர் சேர்ப்பதில்லை. பிறந்த தேதியிலும் சில சமயம் வேறுபாடு இருக்கும். கிராமத்தில் பள்ளிக்குச் சேர்க்க வசதியாகச் சொன்ன தேதி ஒன்று, பட்டாளத்தில் தெரிவித்த தேதி மற்றொன்று.

இதற்குப் பரிகாரம் உண்டு. பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரையே தலைமையாகக் கொண்டு, மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்வதே பொதுவாக எளிய வழி. ஆதாரையும் வங்கிக் கணக்கையும் சில வாரங்களில் திருத்திவிடலாம். பட்டாளப் பதிவைத் திருத்துவதே நாட்பிடிக்கும். தகப்பனார் எந்தப் பிரிவில் இருந்தாரோ அதன் ரிக்கார்டு ஆபீஸுக்கு, பிரமாணப் பத்திரமும் பிறப்புச் சான்றும் வைத்து, மாவட்டச் சைனிக் அலுவலகத்தின் வாயிலாக எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர்க்கு அது நீலகிரியில் உள்ள வெலிங்டன். மெட்ராஸ் எஞ்சினியர் பிரிவில் இருந்தவர்க்குப் பெங்களூரு. பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் அங்கே பதிவாகியிருக்கின்றனவா என்பதையே அறியாத குடும்பங்கள் உண்டு. இன்று மாலையே பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தின் குடும்ப விவரப் பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அதை எடுத்து ஒரு நகலும் செய்துகொள்ளுங்கள். மும்பை மழைக்காலம் காகிதத்துக்கு நல்லதல்ல.

உபகாரச் சம்பளம் இருந்தாலும் படிக்க இடம் வேண்டுமல்லவா? இதிலும் மாநில எல்லை குறுக்கிடுகிறது. மகாராஷ்டிரத்தில் மும்பை, நாகபுரி, பர்பணி, உத்கீர், ஷிர்வல் முதலிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. 2000ஆம் ஆண்டில் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்ற மகாராஷ்டிரக் கால்நடை, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் அவை இயங்குகின்றன. அங்கே நீட் தேர்வின் மதிப்பெண்ணே அடிப்படை. மாநில ஒதுக்கீட்டுக்கு டொமிசைல் சான்றிதழ் வேண்டும். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது கைகூடும். தமிழ்நாட்டிலோ முறை வேறு. 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில இடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்புகிறது. அதற்கு நீட் தேவையில்லை. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை அங்கே விண்ணப்பிக்க வேண்டுமாயின், தமிழ்நாட்டில் பெற்ற நேட்டிவிட்டி சான்றிதழ் காட்ட வேண்டும். முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கென்று தனியே சில இடங்களும் அப்பல்கலைக்கழகத்தில் உண்டு. இவ்விரண்டுக்கும் அப்பால், நாடெங்கும் உள்ள கல்லூரிகளில் நூற்றுக்கு 15 இடங்களை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் நீட் மதிப்பெண் கொண்டு நிரப்புகிறது. அதற்கு மாநில வேறுபாடு இல்லை. ஆதலால் நம் பிள்ளைக்கு மூன்று வாயில்கள் உண்டு. ஒன்றை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம்.

சென்னை வேப்பேரியில் உள்ள கல்லூரி 1903இல் தொடங்கியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவில் கால்நடை மருத்துவத்தில் பட்டம் வழங்க முற்பட்ட முதற்கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று பின்னர் வந்த கல்லூரிகளும் உள்ளன. பாட்டி வீட்டில் தங்கிப் படிக்க வாய்ப்புள்ள பிள்ளைக்கு விடுதிச் செலவு மிச்சம்.

சாதிச் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் பலர் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினராக அறிவிக்கப்பட்டவர்கள். மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்தவர், சொந்த மாநிலத்துப் பட்டியலைக் காட்டிப் புகுந்த மாநிலத்தில் ஒதுக்கீட்டு உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. 1994இல், மகாராஷ்டிரத்திலேயே எழுந்த வழக்கொன்றிலும் அதனையே உறுதி செய்தது. இதனால் இங்குள்ள பிள்ளைகள் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே நின்று தவிப்பதை நாம் அறிவோம். இந்த நிலையில் சைனிக் போர்டின் உபகாரச் சம்பளத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது சாதியையோ மாநிலத்தையோ கேட்பதில்லை. தகப்பனாரின் சேவையையும் பிள்ளையின் மதிப்பெண்ணையுமே கேட்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகம் எந்த மாநிலத்திலும் டிஸ்சார்ஜ் புத்தகமே.

உபகாரச் சம்பளம் கிடைத்த பிறகும் கவனம் தேவை. ஆண்டுதோறும் தேர்வில் நூற்றுக்கு ஐம்பதுக்குக் குறையாமல் பெற்றால்தான் அடுத்த ஆண்டுத் தொகை வரும்; அதற்குரிய புதுப்பித்தல் விண்ணப்பத்தை மாணவரே செய்ய வேண்டும். கால்நடை மருத்துவப் படிப்பு நாலரை ஆண்டுப் பாடமும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் ஆக ஐந்தரை ஆண்டு நீள்வது. உடற்கூறும் உயிர்வேதியியலும் கனமான பாடங்கள். மனித வைத்தியம் படிப்பவர் ஓர் உடலைப் படித்தால் போதும். இவர் பசு, குதிரை, ஆடு, நாய், கோழி என்று பல உடல்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. ‘மாட்டு டாக்டர்’ என்று நம் வீடுகளில் இன்னும் சிலர் இளப்பமாகச் சொல்வது இதை அறியாமையால்தான். செம்பூரை ஒட்டிய தேவனாரில் 1971இல் நிறுவப்பெற்ற பெரிய இறைச்சிக்கூடத்தில், ஆடுமாடுகளை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் சோதிக்கின்றனர். வெறிநோய், அடைப்பான் போன்றவை விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவாமல் காப்பவரும் அவர்களே. மும்பையில் இறைச்சி உண்பவர் ஒவ்வொருவரும் தாம் அறியாமலே ஒரு கால்நடை மருத்துவரின் நோயாளி என்று சொன்னால் மிகையாகாது.

இனி, பட்டாளத் தொடர்பு ஏதும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு வருவோம். அவருக்குப் படிக்கும் காலத்தில் ராணுவத்திடமிருந்து பணம் கிடையாது என்று முன்பே சொன்னோம். பட்டம் பெற்ற பிறகு கதவு திறக்கிறது. இந்திய ராணுவத்தில் ரிமவுண்ட் வெட்டரினரி கோர் என்னும் பிரிவு உண்டு. 1779இல் ஏற்பட்ட குதிரைப் பண்ணைத் துறையை அது தன் மூலமாகக் கருதுகிறது. 1920 டிசம்பர் 14 அன்று ராணுவ மிருக வைத்தியப் படைப்பிரிவு முறையாக அமைந்தது. அந்நாளையே இன்றும் தன் நிறுவன நாளாகக் கொண்டாடுகிறது. ஒரு காலத்தில் பால் பண்ணைகளும் அதனோடு சேர்ந்திருந்தன, 1960இல் பிரிக்கப்பட்டன. 1889 முதல் நடந்துவந்த அந்த ராணுவப் பண்ணைகள் 2021இல் முற்றிலும் மூடப்பட்டுவிட்டன. ஆகவே பண்ணையில் வேலை கிடைக்கும் என்று பெரியவர் யாராவது பழைய நினைவில் சொன்னால், அது இப்போது பொருந்தாது.

மோட்டார் வண்டி ஏறாத மலைமுகடுகளுக்கு உணவும் வெடிமருந்தும் சுமந்து செல்லும் கோவேறு கழுதைகளையும், கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கும் நாய்களையும் பேணுவது இப்பிரிவின் பொறுப்பு. இதன் பயிற்சி நிலையமும் கல்லூரியும் மீரட்டில் உள்ளன. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்த பட்டம் பெற்ற, 21 முதல் 32 வயது வரை உள்ளவரைக் குறுகிய காலச் சேவைக்கு அழைத்து அவ்வப்போது அறிவிப்பு வெளியாகும். அண்மை ஆண்டுகளில் பெண்களுக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது. எஸ்.எஸ்.பி. எனப்படும் நேர்முகத் தேர்விலும் உடற்பரிசோதனையிலும் தேறியவர், நுழையும்போதே காப்டன் பதவி பெறுகிறார். முதலில் ஐந்தாண்டு, விருப்பமும் தகுதியும் இருந்தால் மேலும் ஐந்தாண்டு சேவை செய்யலாம். பத்தாண்டில் விடுபடுபவருக்கு ஓய்வூதியம் இல்லை என்பதையும் அறிந்தே செல்ல வேண்டும். அழைக்கப்படுவோர் தொகை சிறிது. சில ஆண்டுகளில் இருபதைக்கூட எட்டுவதில்லை. எனவே இதனையே நம்பிப் படிப்பில் இறங்குவதைவிட, படிப்பில் நாட்டம் கொண்டு இறங்கி, இதனை ஒரு வாய்ப்பாக வைத்துக்கொள்வதே தக்கது. கல்லூரியில் தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவு இருந்தால் சேர்ந்துகொள்ளலாம். பின்னால் நேர்முகத் தேர்வில் அது கைகொடுக்கும்.

சைனிக் போர்டின் விண்ணப்பத்துக்குரிய கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. தொகையும் விதியும் மாறக் கூடும். இடைத்தரகர் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஐயம் எழுந்தால், தகப்பனாரின் அடையாள அட்டையோடு மாவட்டச் சைனிக் அலுவலகத்துக்குச் சென்று அங்குள்ள நலவாழ்வு அமைப்பாளரைக் கேட்கலாம். அவரும் பெரும்பாலும் ஒரு முன்னாள் படைவீரரே. மராத்தி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம்; பட்டாளத்து இந்தி அங்கே நன்றாகவே செல்லும்.